ஃபீட்டஸ்: சிசுவா, முதிர்கருவா?

கருக்கலைப்பு வழக்குச் செய்திகளில் ‘வயிற்றில் இருந்த சிசு’ என்று எழுதுகிறார்கள். மருத்துவ அறிக்கையில் இருக்கும் சொல் ‘ஃபீட்டஸ்’. இரண்டும் ஒன்றல்ல.

ஃபீட்டஸ் இலத்தீன் சொல். ஈனுதல், ஈன்ற குட்டி, மரத்தின் காய்ப்பு என எல்லாவற்றையும் அது குறித்தது. மருத்துவம் அதன் பொருளைக் குறுக்கியது: கருவுற்ற எட்டு வாரம்வரை எம்பிரியோ, பிறகு பிறப்புவரை ஃபீட்டஸ். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் மருத்துவர் கணக்கில் அந்த எல்லை பத்து வாரம். எம்பிரியோவைத் தமிழகத்தில் கரு என்றும் இலங்கைப் பாடநூல்களில் முளையம் என்றும் வழங்குகிறோம்.

ஃபீட்டஸுக்கு உரிய தமிழ் முதிர்கரு. முழுதாக முதிர்ந்துவிட்டது போல ஒலிக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கம் வேண்டாம். இது வினைத்தொகை, முதிர்ந்த, முதிர்கின்ற, முதிரும் கரு என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். நாளுக்கு நாள் மாறிவரும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

சிசு வடசொல்; பிறந்த பச்சிளங்குழந்தை என்று பொருள். கருக்கலைப்பு விவாதத்தின் மையக் கேள்வியே, கருவில் இருப்பதற்குப் பிறந்த குழந்தைக்குள்ள அறநிலை (அறத்தின் பார்வையில் ஓர் ஆளாக மதிக்கப்படும் தகுதி) உண்டா, உண்டென்றால் எப்போதிலிருந்து என்பதுதான். சிசு என்றதும் ‘உண்டு’ என்ற விடை வந்துவிடுகிறது. ‘வெறும் சதைப்பிண்டம்’ என்றால் ‘இல்லை’ என்ற விடை. இரண்டையும் நான் ஏற்கவில்லை. முடிவெடுக்க வேண்டிய பெண்ணின் நிலையை இரண்டுமே பேசாமல் விடுகின்றன.

கேள்வி நமக்குப் புதிதும் அல்ல. குழந்தை இறந்து பிறந்தாலும், உருவமற்ற ஊன்தடியாகப் பிறந்தாலும், மறக்குடியினர் ‘ஆள் அன்று’ என்று விடாமல், போரில் இறந்தவரைப் போலக் கருதி, வாளால் வெட்டியே அடக்கம் செய்வார்கள் என்கிறது புறநானூறு 74. ‘ஆள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அறநிலைக் கேள்வி முழுவதும் இருக்கிறது.

இந்தியாவின் 1971 கருக்கலைப்புச் சட்டம், கடும் குறைபாட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘குழந்தை பிறந்தால்’ என்றே சொல்கிறது; குழந்தை என்ற சொல்லை அங்கே பிறப்போடுதான் சேர்க்கிறது.

சொல் மயக்கம் பெரிய தீங்கு செய்வது ‘பெண் சிசுக்கொலை’யில். 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது பிறந்த பெண் குழந்தைகளைக் காக்க. அங்கே அந்தச் சொல் சரி. ஸ்கேனில் பாலினம் அறிந்து கலைப்பது வேறு குற்றம், அதற்கு 1994இன் தனிச் சட்டம் உண்டு. அதைப் பாலினத் தேர்வுக் கருக்கலைப்பு என்றே எழுத வேண்டும்.