பந்தல் சாய்வது கொடியின் பாரத்தால் அல்ல

வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த மறுநாள், தாம்பரத்துக்கு அப்பால் ஒரு வீட்டின் மொட்டைமாடியைப் பார்க்க வருமாறு என்னை அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. மாடியில் சுரையும் பீர்க்கும் படர்ந்திருந்த பந்தல் தலைகீழாகக் கிடந்தது. அதன் இரண்டு கால்கள் கைப்பிடிச்சுவரோடு கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால், காற்று பந்தலைப் பெயர்த்தபோது சுவரையும் சேர்த்து இழுத்திருக்கிறது. ஏறக்குறைய ஆறடி நீளத்துக்குச் செங்கற்சுவர் உடைந்து தெருவில் விழுந்திருந்தது. ஊரே கதவடைத்துக் கிடந்த நேரம் என்பதால் மட்டுமே யாருக்கும் அடிபடவில்லை. "காய் பாரம் தாங்காம விழுந்துடுச்சு தம்பி" என்றார் அந்த அம்மா. அந்தப் பந்தலில் அன்று இருந்த காய்கள் எல்லாம் சேர்ந்து முப்பது கிலோகூட இருந்திருக்காது.

கட்டடப் பொறியாளராக நான் பார்த்த சாய்ந்த பந்தல்களில், காயின் பாரத்தால் விழுந்தது அநேகமாக ஒன்றுமில்லை. கொடி இலைவிட்டு மூடிய பின் பந்தல் என்பது விரித்த ஒரு கப்பற்பாய். அதைக் காற்று மேலே தூக்கப் பார்க்கிறது, பக்கவாட்டில் தள்ளப் பார்க்கிறது. ஆனால் வீட்டில் பந்தல் போடுகிறவர்கள் எல்லோரும் கீழே அமுக்கும் பாரத்தை மட்டுமே மனத்தில் வைத்து, மேற்சட்டத்தை உறுதியாக்கிவிட்டு, காலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. அதைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வரும் எண்ணை மீண்டும் 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, இந்தக் கணக்கின்படி சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். பத்தடிக்குப் பத்தடிப் பந்தல் முழுவதற்கும் அது ஏறத்தாழ 160 கிலோ. வேகம் 100 கிலோமீட்டரானால் அதே பந்தலின் மீது வரும் விசை 440 கிலோவை எட்டும், ஏனெனில் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். இலைகளுக்கிடையே காற்று ஊடுருவிச் செல்வதால் இந்த விசையில் ஒரு பகுதியே பந்தலைச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் கொடி எவ்வளவு செழிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஊடுருவும் வழி குறையும். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை 875-இன் மூன்றாம் பகுதி, அடிப்படைக் காற்று வேகமாகச் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டரையும் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் 39 மீட்டரையும் குறிப்பிடுகிறது. நம் வீட்டுப் பந்தலை அந்த அளவுக்குக் கட்ட வேண்டியதில்லை, கட்டவும் முடியாது. ஆனால் ஆடிக்காற்றுக்கு அது நிற்க வேண்டும். புயல் வந்தால் அவிழ்த்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும்.

மாடியில் பந்தல் போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கைப்பிடிச்சுவரைத் தொடாதீர்கள் என்பதே. அந்தச் சுவர் மனிதர்கள் தவறி விழாமல் தடுப்பதற்காகக் கட்டப்படுவது. பல வீடுகளில் அது நாலரை அங்குலக் கனத்தில், தளத்தோடு எந்தக் கம்பிப் பிணைப்பும் இல்லாமல் வெறும் கலவையின் பிடிப்பில் மட்டுமே நிற்கிறது. பந்தல் காலை அதோடு கட்டும்போது, காற்றின் விசை முழுவதும் சுவரின் உச்சியில் நெம்புகோல்போல வேலை செய்கிறது. ஒரே நாளில் விழாவிட்டாலும், ஒவ்வொரு காற்றுக்கும் அசைந்து அசைந்து சுவரின் அடியில் மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே மழைநீர் இறங்கிக் கீழ் அறையின் கூரை ஓரத்தில் ஈரத் திட்டாகத் தெரியும். தளத்தில் துளையிட்டுப் போல்ட் முடுக்குவதும் இதே அளவுக்குத் தவறு. தட்டோடு பதித்த மேல்தளத்தை ஓரிடத்தில் உடைத்துவிட்டால், அதைப் பழையபடி நீர் புகாமல் அடைப்பது எளிதல்ல.

அதற்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது இருபது லிட்டர் பெயின்ட் வாளிகளை. காலியான வாளியில் பந்தல் காலாகும் இரும்புக் குழாயை நேராக நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட் நிரப்பினால் ஒவ்வொன்றும் 45 கிலோவுக்கு மேல் எடை வரும். நான்கு கால்களுக்கும் சேர்த்து 180 கிலோ கிடைத்துவிடும். கான்கிரீட்டின் மேற்பரப்பைக் குழாயிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவாக வழித்துவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் தேங்கி, அந்த இடத்திலேயே குழாய் துருப்பிடித்து இரண்டு மூன்று வருடத்தில் ஒடியும். வாளிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே தூணும் உத்தரமும் வரும் இடங்களின் மேல் வைப்பது நல்லது. மண்தொட்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். நனைந்த மண் ஒரு கன அடிக்கு ஐம்பது கிலோ அளவுக்கு வரும். இரண்டடிக்கு இரண்டடியில் ஓரடி ஆழத் தொட்டி என்றால் ஏறக்குறைய 200 கிலோ. மக்கள் ஏறிப் புழங்கும் மாடித்தளத்துக்குப் பொதுவாகக் கணக்கிடப்படும் பாரமோ சதுர மீட்டருக்கு 150 கிலோதான். எனவே தேங்காய் நார்க்கழிவும் மக்கிய எருவும் மிகுதியாகக் கலந்த எடை குறைந்த கலவையைப் பயன்படுத்தி, தொட்டிகளை ஓரத்து உத்தரங்களையொட்டிப் பரவலாக வைக்க வேண்டும்.

தரையில் போடும் பந்தலுக்குச் சவுக்குக் கழியோ மூங்கிலோ போதும். ஏழடி உயரம் வேண்டுமென்றால் ஒன்பதடிக் கழி வாங்கி இரண்டடியை மண்ணுக்குள் இறக்க வேண்டும். ஓரடிக் குழி தோண்டிக் கல்லைச் செருகி நிறுத்துவது அடுத்த மழைக்குள் ஆடிவிடும். கழி உளுத்துப்போவது மண்ணுக்குள் ஆழத்தில் நடப்பதில்லை. மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த நான்கு விரல் அகலத்தில்தான் ஈரமும் காற்றும் சேர்ந்து மரத்தைத் தின்கின்றன. ஆகவே தார் பூசும்போது, மண் மட்டத்துக்கு மேல் அரையடி வரைக்கும் பூச வேண்டும். மூங்கிலின் மேல்நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் உள்ளே மழைநீர் நிற்காது. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு நிழலில் உலர்த்தினால், அதிலுள்ள மாவுச்சத்து கரைந்துபோய் வண்டரிப்பது வெகுவாகக் குறையும். நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் குளத்தில் போட்டுச் செய்தார்கள். இப்போது கடையில் வாங்கிய அன்றே நட்டுவிடுகிறோம்.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைக்குப் போடும் கல்கால் பந்தல்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஓரத்துக் கல்கால்கள் வெளிப்பக்கமாகச் சாய்த்து நடப்பட்டு, அவற்றின் தலையிலிருந்து ஓர் இழுவைக் கம்பி தரையில் புதைத்த கல்லோடு கட்டப்பட்டிருக்கும். மேலே கம்பிகளை இறுக்கும்போது ஓரத்துக் கால்கள் உள்பக்கம் இழுபடும் என்பதையும், அந்த இழுப்பை எதிர்க்க ஒரு பிடி வேண்டும் என்பதையும் அனுபவத்தில் அறிந்தவர்களின் வேலை அது. வீட்டில் நாலு கால் பந்தல் போடுகிறவர்களும் இதையே சிறிய அளவில் செய்யலாம். இழுவைக் கம்பிக்கு இடமில்லையென்றால், ஒவ்வொரு மூலையிலும் காலுக்கும் மேற்சட்டத்துக்கும் இடையே இரண்டடி நீளத்தில் ஒரு சாய்கட்டை கொடுத்தால் போதும். நான்கு பக்கச் சட்டம் தள்ளினால் சரிந்துவிடும், முக்கோணம் சரியாது. வெல்டரிடம் இதைக் கேட்டால் "தேவையில்லை சார், ஸ்ட்ராங்காத்தான் இருக்கு" என்பார். கேட்டு வாங்குங்கள்.

இனி கொடியின் பக்கம். பாகல், புடலை, பீர்க்கு, சுரை எல்லாம் பற்றுக்கம்பியால் ஏறுபவை; அந்தச் சுருள் மெல்லிய கயிற்றைச் சட்டென்று பற்றிக்கொள்ளும், கட்டைவிரல் கனத்துக் குழாயைச் சுற்ற முடியாமல் வழுக்கும். அவரை தன் தண்டையே முறுக்கி ஏறுவதால் அதற்கு ஒரு நேர்க்கழி போதும். முல்லைக்கும் மல்லிக்கும் நாம்தான் அவ்வப்போது கட்டிவிட வேண்டும். வெற்றிலை வேர்விட்டு ஒட்டி ஏறுவது. கொடிக்காலில் அதற்கு அகத்தியையே உயிருள்ள பந்தல் காலாக வளர்க்கிறார்கள். மேற்பரப்புக்கு ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியை முக்கியச் சட்டமாக இழுத்து, இடையில் தேங்காய் நார்க்கயிறோ சணலோ கட்டுவது நல்லது. உச்சிவெயிலில் சூடேறிய கம்பியில் இளந்தளிர் கருகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பருவம் முடிந்ததும் சணலைக் கொடியோடு சேர்த்து அறுத்துக் குப்பைக்குழியில் போட்டுவிடலாம் என்பது இன்னொரு வசதி. நைலான் வலை மலிவுதான். ஆனால் அதில் அணிலும் ஓணானும் சிக்கி இறப்பதைப் பார்த்த பிறகு நான் அதைச் சொல்வதில்லை. உயரத்தைப் பொறுத்தவரை, கைநீட்டிப் பறிக்க ஆறரை அடி போதும். நீளப் புடலைக்கு மட்டும் ஏழுக்குக் குறையாமல் வையுங்கள், நுனியில் கல் கட்டித் தொங்கவிடும்போது காய் தரை தொடாமல் இருக்கும்.

நான் மிகவும் அஞ்சுவது மின்கம்பியை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைத் தாங்கும் கம்பியிலேயே கொடியை ஏற்றிவிட்டிருக்கும் வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. பார்க்க அழகாக, பச்சை வளைவுபோல இருக்கும். ஒயரின் மேலுறை வெயிலில் வெடித்திருந்தால், மழையில் நனைந்த கொடியும் அதைத் தாங்கும் கம்பியும் ஒருசேர மின்சாரம் கடத்தும். துணி காயப்போடும் கம்பியில் மின்சாரம் பாய்ந்து உயிர்போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம்; பந்தல் கம்பியும் அதே கம்பிதான், அதை ஈரக்கையோடு தினமும் தொடுகிறோம் என்பதுதான் வேறுபாடு. வீட்டிணைப்புக்கான குறைந்த அழுத்தக் கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், தலைக்கு மேலே சென்றால் 2.5 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. பந்தலைக் கட்டடமாகவே எண்ணி அந்த இடைவெளியை விடுங்கள்; கொடி அதைத் தாண்டி நுனி நீட்டும்போது கிள்ளிவிடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்ட கொடியை நீங்களே இழுக்காமல், மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகு அகற்ற வேண்டும்.

ஆடிப் பட்டத்துக்கு விதைக்கிறவர்கள் ஆனியிலேயே பந்தலை முடித்துவிட வேண்டும். கொடி முழங்கால் உயரம் வந்தபின் குழி தோண்டினால் வேர் அறுபடும், அவசரத்தில் காலும் ஆழமாக இறங்காது. ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை ஒவ்வொரு காலையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் காயைப் பறித்துவிட்டு, மேற்கயிறுகளை அவிழ்த்துக் கொடியைத் தரையில் இறக்குங்கள். அவிழ்க்க நேரமில்லையென்றால் அரிவாளால் அறுத்துவிடுங்கள். காற்று பிடிக்க ஒன்றுமில்லாத வெறும் சட்டம் பெரும்பாலும் நின்றுவிடும். தாம்பரத்து அம்மா அந்த மாடியில் வாளிக் கால்களோடு புதுப் பந்தல் போட்டு, இந்த முறை கோவைக்காய் நட்டிருக்கிறார். ஒவ்வொரு கார்த்திகையிலும் புயல் செய்தி வந்தால் அதை இரண்டடி விட்டுவிட்டு வெட்டிவிடுகிறார். தை பிறக்கும்போது அது மறுபடியும் துளிர்த்துக் கயிற்றைப் பிடித்துவிடுகிறது.