டயர் என்பது சக்கரம் அன்று

“அண்ணா, டிஸ்க் ஆறும் நன்றாகத்தானே இருக்கின்றன, எதற்காக மாற்றச் சொல்கிறார்கள்?”

சங்ககிரியிலிருந்து இப்படிக் கேட்டவர் முப்பது ஆண்டு லாரித் தொழிலில் ஊறியவர். டிஸ்க் என்று அவர் சொல்வது டயரை மாட்டும் இரும்பு வட்டத்தை. தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் சேசிஸ் ஒன்றின் மேல் படுக்கை, அடுப்படி, கழிப்பறை எல்லாம் கட்டிக்கொண்டு மனைவியோடு ஊர் சுற்றப் புறப்பட்டிருக்கிறார். அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என்கிறார்களே, அதற்கு நம்மூர்த் தம்பி. படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டியைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் இதையும் கேரவன் என்றே அழைக்கிறார்கள். அதைப் பராமரிப்பது பற்றிய வெளிநாட்டுக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தை யாரோ அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி: ‘சக்கரங்களைத் தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் கட்டாயம் மாற்றிவிட வேண்டும்.’

சேலத்தில் ஒரு கடைக்குப் பேசி, ஆறு சக்கரம் என்ன விலை என்று விசாரித்திருக்கிறார். டிஸ்க்கோடு சேர்த்தா, வெறும் டயர் மட்டுமா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளருக்குத் தோன்றாத கேள்வி கடைக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன் என்பதால், அடுத்த அழைப்பு எனக்கு வந்தது.

டயரைச் சக்கரம் என்று எழுதுவதைச் செய்தித்தாளிலும் பார்க்கிறேன். ‘சக்கரம் வெடித்து கார் கவிழ்ந்தது’ என்கிறார்கள். வெடித்தது டயர். சக்கரம் வெடிக்காது, கழன்று ஓடும், நெளியும், அவ்வளவுதான். இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். ஒரு மனிதர் நல்ல டிஸ்க்குகளைக் கழற்றிப் போடவிருந்தார் என்றதும் பொறுக்கவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் உடுப்பு, ஒப்பனை என்னும் பொருள் தரும் ‘அட்டயர்’ தலை தேய்ந்து ‘டயர்’ ஆயிற்று என்பதே அகராதிக்காரர்கள் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. மரச் சக்கரத்துக்கு இரும்பு உடுப்பு. லெபனானில் உள்ள பழைய துறைமுக நகரம் டயருக்கும் இதற்கும் உறவில்லை. ரப்பர் பின்னால் வந்தது. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் 1845-இல் காப்புரிமை வாங்கினார். அது மறந்து போய், 1888-இல் டன்லப் மறுபடி கண்டுபிடித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பெயர் மட்டும் இரும்புக் காலத்ததே.

அந்த இரும்புக் காலம் நம்மிடமும் இருந்தது, அதற்குச் சொற்களும் இருந்தன. கட்டை வண்டியின் சக்கரத்தை ஒரு தச்சர் வெறுமே ‘சக்கரம்’ என்று சொல்லி நிறுத்தமாட்டார். நடுவில் இருப்பது குடம். குடத்திலிருந்து விரிவது ஆரக்கால். ஆரக்கால்களைப் பிடித்து வளைந்து நிற்கும் மரத் துண்டு வட்டை. வட்டையைச் சுற்றி இறுக்கிய இரும்பு பட்டா. ஊடே போவது அச்சு. சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. பட்டா போடும் நாள் சிறுவர்களான எங்களுக்குத் திருநாள். இரும்பு வளையத்தின் மேல் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். வளையம் சிவந்து விரிந்ததும் நாலு பேர் இடுக்கியால் தூக்கி வந்து மரச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். புகை கிளம்பும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கி, மரம் முனகி, ஆரக்கால் எல்லாம் ஒன்றோடொன்று இறுகும். பட்டா தேய்ந்தால் பட்டாவை மட்டும் மாற்றினார்கள்; சக்கரத்தை மாற்று என்று எவரும் சொன்னதில்லை. எழுத்து வாசனை இல்லாத கொல்லருக்குத் தெரிந்த வேறுபாடு கையேடு எழுதுகிறவருக்குத் தெரியவில்லை.

அப்படியானால் டயருக்குப் பட்டா என்றே சொல்லலாமே? எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று சேலம் மாவட்டத்தில் ‘பட்டா மாற்ற வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். நேரே தாலுகா அலுவலகத்துக்கு வழி காட்டுவார்கள். நிலத்துக்குப் போன சொல் வண்டிக்குத் திரும்பி வரப்போவதில்லை.

இனி, தனித்தமிழ் நண்பர்கள் ஏந்திவரும் ‘உருளிப்பட்டை’. சக்கரம் வடமொழி, டயர் ஆங்கிலம், ஆகவே இரண்டையும் ஒரே வீச்சில் ஒழித்துவிட்டோம் என்கிறார்கள். நோக்கத்தைக் குறை சொல்லமாட்டேன். உருளி என்பது சக்கரத்துக்குப் பழைய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று உருளி என்றால் பலருக்கு நினைவு வருவது பாயசம் கிண்டும் வெண்கலப் பாத்திரம். அதைக்கூட விட்டுவிடுகிறேன். என் சண்டை பட்டையோடு.

பட்டை என்றால் தட்டையான, நீளமான ஒன்று. மரத்தின் பட்டை, நெற்றியில் இடும் பட்டை, பிரியாணியில் போடும் பட்டை எல்லாம் அப்படித்தான். இரும்புப் பட்டாவை அப்படிச் சொன்னால் பொருந்தும், அது உண்மையிலேயே தட்டையான கம்பி. டயரோ உள்ளே காற்றைச் சுமக்கும் குழிவான பொருள்; அதன் உயிர் அதன் வயிற்றில் இருக்கிறது. அதைப் பட்டை என்பது பலூனைத் துணி என்பது போல. இதையும் பொறுத்துக்கொள்ளலாம், வண்டியில் வேறு பட்டை இல்லாவிட்டால். இருக்கிறதே! என்ஜினில் ஓடும் ஃபேன் பெல்ட்டையும் பட்டை என்று எழுதுகிறார்கள். ‘பட்டையில் வெடிப்பு இருந்தால் உடனே மாற்றவும்’ என்று ஒரு வரி வந்தால் மெக்கானிக் பானெட்டைத் திறப்பாரா, கீழே குனிவாரா? முன்னே ‘உருளி’ இருக்கிறதே என்பார்கள். பெல்ட்டும் உருளியின் மேல்தானே ஓடுகிறது, ஐயா? இத்தனை நீளச் சொல்லை மூன்றாவது வரியிலேயே ‘பட்டை’ என்று சுருக்கிவிடுவார்கள் என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன். நானே அப்படிச் சுருக்கியவற்றைத் திருத்தியிருக்கிறேன்.

ஒரு காலத்தில் நானும் ஒரு சொல் செய்தேன்: சக்கர உறை. உடுப்பு என்னும் மூலப் பொருளுக்கு நெருக்கம், தலையணை உறை போல எளிமை என்று பெருமையாக இருந்தது. சங்ககிரி நண்பரின் வண்டியைப் பார்க்கப் போன அன்றே அந்தப் பெருமை போயிற்று. நிறுத்தி வைத்த வண்டியின் ஆறு டயருக்கும் வெயில் படாமல் துணி உறை மாட்டியிருந்தார். அதுவும் சக்கர உறைதான். என் சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

எனக்கு இப்போது டயரே போதும். தமிழ் அதைத் தன் வீட்டுக்குள் எப்போதோ சேர்த்துக்கொண்டுவிட்டது. டயரை, டயருக்கு, டயரில் என்று வேற்றுமை உருபுகள் உறுத்தாமல் ஒட்டுகின்றன. மாட்டு வண்டிக்கே ரப்பர் வந்தபோது நம் உழவர்கள் குழு அமைத்துக் கலைச்சொல் தேடவில்லை. பழையது கட்டை வண்டி, புதியது டயர் வண்டி என்று பிரித்துவிட்டார்கள். டயர் செருப்பு போட்டு நடந்தோம், தேய்ந்த டயரைக் குச்சியால் தட்டி ஓட்டினோம். ஏர்க்காலில் பூட்டிய பின் ஒரு சொல்லை அயலார் என்று விரட்டுவது என்ன நியாயம்? சக்கரம் என்னும் சொல்லை டிஸ்க்கும் டயரும் சேர்ந்த முழுமைக்கு வைத்துக்கொள்வோம். ரப்பர் பகுதி டயர். சண்டை தீர்ந்தது.

ஆனால் அந்தக் கையேட்டோடு என் சண்டை தீரவில்லை. ‘பக்கச் சுவரில் விரிசல் உள்ளதா என்று பார்க்கவும்’ என்று ஓர் இடத்தில் இருந்தது. நண்பர் வண்டியின் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். வீட்டு வண்டிக்குச் சுவர் உண்டே, பாவம் அவர் என்ன செய்வார்? டயரின் விலா என்று எழுதியிருந்தால் புரிந்திருக்கும். விளங்க வேண்டிய இடமும் அதுதான். லாரி டயர் ஓடி ஓடி, தரையில் படும் புடைப்பான பட்டன் தேய்ந்து மொட்டையாகும். ரீபட்டன் போட்டு மறுபடி ஓட்டுவார்கள். வீட்டு வண்டியோ பெரும்பாலான நாள் நின்றே கிடக்கிறது. பட்டன் புதிதுபோல் இருக்கும்போதே ரப்பர் மூப்படைந்துவிடும். டயர் உருண்டு நெளியும்போதுதான் ரப்பரில் கலந்த மெழுகு மேலே வந்து வெடிப்பைத் தடுக்கும். நின்றால் அதுவும் இல்லை, வெயில் வேறு. ஆகவேதான் ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டவும், பத்தைத் தாண்டவிடாமல் மாற்றவும் சொல்கிறார்கள். பலர் ஆறேழு ஆண்டிலேயே மாற்றிவிடுகிறார்கள். வயதை விலாவிலேயே படிக்கலாம்: அங்கே பொறித்த குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். முப்பது ஆண்டு லாரி ஓட்டியவருக்கு இந்த எண்ணைத் தேட வேண்டிய தேவையே வந்ததில்லை. தேடியபோது, பின்பக்க ஜோடி டயர்களில் உள்ளே இருந்த இரண்டு வெளியே இருந்தவற்றைவிட நான்கு ஆண்டு மூத்தவை என்று தெரிந்தது.

இன்னொன்று: ‘குளிர்ந்த காற்றை நிரப்பவும்.’ ஐஸ் கட்டி வைத்தா? ஓடாமல் நின்று டயர் ஆறிய பிறகு காற்றின் அளவைப் பார் என்பதுதான் பொருள். சோறு ஆறுகிறது, பால் ஆறுகிறது, டயரும் ஆறட்டுமே. இதைவிட அழகான சொல் எந்த மொழியில் கிடைக்கும்? பொருள் பிசகினால் விளைவு சிறிதன்று. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பிரேக் சூட்டோடு அடிவாரத்தில் நிறுத்தி அளந்தால் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். அதிகம் என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை ஆறிய டயரில் காற்று குறைந்திருக்கும். குறைந்த காற்றோடு பாரம் சுமக்கும் டயர் உள்ளுக்குள் வெந்து ஒருநாள் வெடிக்கும். ‘டயர்களைச் சுழற்றவும்’ என்றும் இருந்தது. இடம் மாற்றிப் போடவும் என்று நான் திருத்தினேன். வண்டியை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் எடை மேடைக்கு ‘எடைப் பாலம்’ என்று இருந்தது. சங்ககிரிச் சிறுவனைக் கேட்டிருந்தாலும் எடை மேடை என்று சொல்லியிருப்பான்.

கேட்பதில்லை, அதுதான் நோய். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை வெள்ளைக்காரர் வாய் ‘ஷெவராய்’ ஆக்கியது. இன்று நம் ஆட்களே ஆங்கிலத்தைப் பார்த்து ‘ஷெவராய் மலை’ என்று தமிழில் எழுதுகிறார்கள். சேர்வராயன் கோயில் மலையுச்சியில் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்தவர்கள்கூட எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பே கூடாது என்று சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததுதான். ஆனால் அதைச் செய்தவர் ஒரு பெண்ணின் கொண்டையைப் பார்த்திருக்கிறார், மலைப்பாதையையும் பார்த்திருக்கிறார். இன்று ஒரு பஸ் ஓட்டுநரும் அதற்கு விளக்கம் கேட்பதில்லை.

திருத்திய பக்கங்களை நண்பருக்கு அனுப்பினேன். அவர் ஆறு டயரையும் மாற்றிவிட்டு, படித்து முடித்து, மறுபடி அழைத்தார்.

“அண்ணா, எல்லா இடத்திலும் டயர் என்று மாற்றிவிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சக்கரத்தை விட்டுவிட்டீர்கள்.”

அது ஸ்டெப்னி பற்றிய வரி. வேல்ஸில் லனெல்லி என்னும் ஊரின் ஸ்டெப்னி தெருவில் இருந்த கடையின் பெயர் அது. அவர்கள் விற்ற மாற்றுச் சக்கரத்தின் பெயராகி நம்மூரில் தங்கிவிட்டது. மூலக் கையேட்டைத் தமிழாக்கியவர் அந்த ஒரே இடத்தில் மட்டும் ‘உதிரி டயர்’ என்று எழுதியிருந்தார். அதை அடித்து, மாற்றுச் சக்கரம் என்று போட்டது நான்தான்.

“அது டிஸ்க்கோடுதானே தொங்குகிறது, தம்பி” என்றேன்.