கடலில் இறங்கும் டிராக்டரும் முறியும் ஆக்சிலும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரையில் ஓடும் டிராக்டர்கள் உழவுக்காகச் செய்யப்பட்டவை. இங்கே அவை பார்க்கும் வேலையே வேறு. வள்ளத்தைக் கடலில் இறக்க வேண்டும், கரையேற்ற வேண்டும், இடையில் சாயல்குடிப் பக்கம் போய்ச் சீமைக் கருவேலந்தூரைச் சங்கிலி போட்டுப் பிடுங்க வேண்டும், கரிமூட்டத்துக்கு விறகு இழுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு இழுக்கும் டிராக்டருக்கு அந்த ஓய்வும் கிடையாது.

பின் ஆக்சில், அதாவது பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் இரும்புத் தண்டு, முறிந்து வண்டி பட்டறைக்கு வந்ததும் முதலில் கேட்பது, “புது ஆக்சில் என்ன விலைண்ணே?” என்பதுதான். ஏன் முறிந்தது என்று கேட்பவர்கள் குறைவு. காரணத்தைப் பார்க்காமல் சாமானை மட்டும் மாற்றினால், அதே வண்டி அதே வேலைக்கு மறுபடியும் வரும்.

முறிந்த துண்டை மணலிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சிப்பி ஓட்டின் முதுகில் இருப்பதுபோல ஓரத்திலிருந்து வரிவரியாக வளையங்கள் வந்து, கடைசியில் ஒரு பகுதி மட்டும் சொரசொரவென்று இருந்தால், அந்த ஆக்சில் இன்றைக்கு முறிந்ததல்ல. விரிசல் வெகுநாளாக உள்ளே வளர்ந்திருக்கிறது. மிச்சமிருந்த இரும்பு மட்டும்தான் இன்றைக்குப் போனது. வளையம் தொடங்கும் இடத்தைத் தேடினால் பெரும்பாலும் ஒரு துருக்குழியோ, ஆயில் சீல் உரசிய பள்ளமோ, யாரோ வைத்த வெல்டிங்கோ இருக்கும். வளையமே இல்லாமல், தண்டின் நுனியில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பற்கள் சாய்வாகத் திருகிப்போயிருந்தால் அது ஒரே அடியில் போனது. அப்போது ஓட்டிய தம்பியிடம்தான் பேச வேண்டும்.

அந்த ஒரே அடி எப்படி விழுகிறது? ஈர மணலில் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். தம்பி ஆக்சிலேட்டரை விடமாட்டார். சுற்றுகிற சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைப் பிடிக்கும்; அல்லது சுற்றும்போதே இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிப்ரன்சியல் லாக்கை மிதிப்பார். என்ஜின் வேகம் முழுவதும் ஒரே நொடியில் ஆக்சில் மீதும் டிப்ரன்சியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர் மீதும் இறங்கும். சக்கரம் நின்ற பிறகு லாக் போட வேண்டும், நேராக இழுக்க வேண்டும், திருப்புவதற்கு முன் லாக்கை எடுத்துவிட வேண்டும். லாக்கோடு திருப்புவது டிப்ரன்சியலைக் கையால் உடைப்பதற்குச் சமம்.

இந்தக் கரையில் அடிப்படைக் கேடு உப்புத்தண்ணீர்தான். ஓடி வந்த வண்டியின் ஹவுசிங், அதாவது ஆக்சிலை மூடிய கூடு, சூடாக இருக்கும். அதை அப்படியே கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவோ ஆயில் சீல் உதடு வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சீல் என்பது உள்ளே இருக்கும் ஆயில் வெளியே போகாமல் தடுக்கச் செய்தது. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதில் அது அவ்வளவு கெட்டி இல்லை. பிரீதரில் சேறும் மணலும் அடைத்திருந்தால் கூத்து தலைகீழாக நடக்கும்: சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, சீலைத் தாண்டி ஆயில் கசியும். பிரீதரைக் கழற்றி ஊதாமல் சீலை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களை என்ன சொல்வது?

தண்ணீர் ஏறிவிட்டதா என்று தெரிய, வண்டியை ராத்திரி முழுக்க நிற்கவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அடியில் ஆயில் வடிக்கும் டிரெய்ன் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கி முதலில் அதுதான் வரும். ஆயிலோடு கலந்துவிட்டிருந்தால் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும். சந்தேகமாக இருந்தால் காயவைத்த தகரத்தில் இரண்டு சொட்டு விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தண்ணீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும், இல்லாவிட்டால் சும்மா புகையும். கலந்த ஆயிலை ஒருமுறை மாற்றினால் போதாது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடியும் வடிக்க வேண்டும். ஆயிலுக்குள் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு, கையில் கிடைத்த 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றாதீர்கள். மேனுவலில் சொன்னதையே ஊற்றுங்கள்.

உப்பு வேலை செய்வது வண்டி நிற்கும்போது. கழற்றிய பேரிங்கின் ஓடுபாதையைப் பார்த்தால், உருளைகள் தொட்டு நின்ற இடங்களில் மட்டும், உருளைக்கு உருளை உள்ள அதே இடைவெளியில், கறுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்துதான் செதில் உரியத் தொடங்கும். டிரெய்ன் பிளக் காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். மெல்லிய செதில் வந்தால் பேரிங். பளபளப்பான ஒரு பக்கத்தோடு துண்டு வந்தால் பல் போய்விட்டது, அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

சத்தமும் இடம் சொல்லும். திரும்பும்போது மட்டும் கரகரத்தால் ஸ்பைடர் கியரில் பாருங்கள். இழுக்கும்போது ஊளையிட்டு, ஆக்சிலேட்டரை விட்டதும் மாறினால் டிப்ரன்சியலைச் சுற்றவைக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரம். நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் முன் பேரிங். மிதித்தால்தான் வருகிறதென்றால் கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். எதுவும் பிடிபடாவிட்டால் என்ஜினை நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றி, கியரில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அது அசையாவிட்டால் உள்ளே ஏதோ முறிந்திருக்கிறது. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

வெளிநாட்டுக் காடுகளில் மரம் இழுப்பதற்கென்றே ஸ்கிடர் என்ற வண்டி இருக்கிறது. நடுவில் மடங்கித் திரும்பும், நான்கு சக்கரமும் இழுக்கும். பலவற்றில் சக்கரத்தின் ஹப்பிலேயே வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும் பிளானட்டரி கியர் இருப்பதால் ஆக்சில் தண்டு தாங்கும் முறுக்கு குறைவு. அதிலேயே ஆக்சில் போகிறது. நம் டிராக்டரை வேர் விட்ட தூரில் கட்டிச் சங்கிலியைத் தொய்யவிட்டு வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? சங்கிலி இறுகும்வரை மெதுவாக நகர்ந்து, அதற்குப் பிறகு இழுங்கள். வேர் விடாவிட்டால் மண்ணைத் தோண்டி வெட்டிவிடுங்கள். சங்கிலியைப் பின்னால் கீழே உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். ஆக்சில் ஹவுசிங்கிலோ கலப்பை மாட்டும் மேல் லிங்க்கிலோ மாட்டினால், தூர் அசையாதபோது முன்சக்கரம் தூக்கிக்கொண்டு கண்மூடித் திறப்பதற்குள் வண்டி ஓட்டுபவர் மேல் மல்லாந்துவிடும்.