சராசரி மழை யாருடைய வயலிலும் பெய்வதில்லை

கனடாவில் ஆல்பர்ட்டா, சஸ்காட்சவன், மானிடோபா என்ற மூன்று மாகாணங்களின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் சமவெளிதான் பிரெய்ரி. கோதுமை, பார்லி, கனோலா, பருப்பு என்று லட்சக்கணக்கான ஏக்கரில் விளைகிறது. ஏறக்குறைய எல்லாமே மானாவாரி. ஆல்பர்ட்டாவின் தெற்கே உள்ள லெத்பிரிட்ஜ் வட்டாரம் போன்ற சில இடங்களில்தான் வாய்க்கால் பாசனம். மேற்கே ராக்கி மலைத்தொடர் பசிபிக் கடலின் ஈரக்காற்றை மறித்துக்கொள்வதால் ஆண்டுக்கு 300 முதல் 500 மில்லிமீட்டர் கிடைத்தாலே பெரிது. அதிலும் ஒரு பகுதி குளிர்காலப் பனியாக விழுகிறது.

இவ்வளவு குறைந்த நீரில் இவ்வளவு தானியம் எப்படி விளைகிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அங்குள்ள விவசாயியின் கவலை வேறு. மொத்த மழை எவ்வளவு என்பதைவிட எங்கே பெய்தது, எப்போது பெய்தது என்பதுதான் அவருடைய மகசூலை முடிவு செய்கிறது.

கோதுமைப் பயிர் தண்டும் இலையுமாக வளர்ந்து நிற்கவே சுமார் 100 மில்லிமீட்டர் நீரைச் செலவழித்துவிடும். அதுவரை ஒரு மணி தானியம்கூடக் கிடையாது. அதற்கு மேல் பயிர் உறிஞ்சும் ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் ஏக்கருக்குத் தோராயமாக 150 கிலோ கூடுகிறது. பிரெய்ரியில் நிலத்தை 160 ஏக்கர் சதுரங்களாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதுரத்தில் 25 மில்லிமீட்டர் பெய்து, பக்கத்துச் சதுரத்தை மழை எட்டாமல் போனால் இரண்டுக்கும் 24 டன் வித்தியாசம்.

அப்படி எட்டாமல் போவது அங்கே அதிசயமே இல்லை. வசந்த காலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் நகரும் மேகக்கூட்டம் ஓரளவு பரவலாகப் பெய்யும். ஜூலையில் கதை வேறு. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து காற்று மேலெழுந்து இடிமேகமாகத் திரள்கிறது. பயிர்கள் வெளிவிடும் ஈரமும் அதில் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு மேகமும் சில கிலோமீட்டர் அகலம்தான். போகிற வழியில் உள்ள வயல்களை நனைத்துவிட்டுப் போய்விடும். அதனால் பல விவசாயிகள் வயலுக்கு வயல் மழைமானி வைத்திருக்கிறார்கள். மழை அளவை வைத்து இழப்பீடு தரும் காப்பீட்டிலும் இதே தலைவலிதான். வானிலை நிலையத்தில் கொட்டிய மழை சொந்த வயலில் விழவில்லை என்றால், கணக்குப்படி நட்டமே இல்லை!

இடத்தைவிடப் பெரிய சிக்கல் காலம். மே மாதம் விதைத்த கோதுமை, ஐந்து இலை விடுவதற்குள்ளேயே கதிரில் எத்தனை சிறுகதிர் (மணிகள் பிடிக்கும் சின்னக் கொத்து) என்பதை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. தூர் கட்டுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் மண் காய்ந்திருந்தால், ஜூலையில் எவ்வளவு பெய்தாலும் இழந்த சிறுகதிர்கள் திரும்பி வராது. கதிர் வெளிவந்து பூக்கும் சமயத்தில் ஈரம் குறைந்தால் மணிகளின் எண்ணிக்கை குறையும். பால் பிடிக்கும்போது குறைந்தால் மணி சுருங்கிச் சாவியாகும். சரி, பூக்கும்போது நிறையப் பெய்தால் நல்லதுதானே என்றால், அப்போதுதான் ஃபியூசேரியம் பூஞ்சை கதிரைப் பிடிக்கும். அறுவடைக்கு முன் பெய்தால் கதிரிலேயே மணி முளைத்துவிடும், அந்த மாவில் ரொட்டி சரியாக வராது.

மழையின் அளவும் ஏமாற்றும். ஐந்து ஐந்து மில்லிமீட்டராக ஐந்து முறை தூறினால், பெரும்பகுதி மேல்மண்ணிலேயே ஆவியாகிவிடும். 75 மில்லிமீட்டர் ஒரே மணி நேரத்தில் கொட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும். ஜூலை வெயிலில் வளர்ந்த கோதுமை ஒரு நாளைக்கு ஏழு மில்லிமீட்டர் வரை குடிக்கும். நல்ல மழை என்று கொண்டாடிய 25 மில்லிமீட்டர் நான்கு நாளில் தீர்ந்துபோகும்.

கனோலா கடுகுக் குடும்பத்து எண்ணெய்வித்து. கடுகளவு விதை என்பதால் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்தில்தான் போட முடியும். மேல்மண்ணில் ஈரம் திட்டுத்திட்டாக இருந்தால் பாதி இப்போது முளைக்கும், மீதி அடுத்த மழைக்குப் பிறகு முளைக்கும். அறுவடையின்போது ஒரே வயலில் பழுத்ததும் பச்சையும் கலந்து நிற்கும். பச்சை விதை கலந்தால் தரம் இறங்கும், விலையும் இறங்கும். ஆனால் பக்கக் கிளை விட்டு, இழந்த பூக்களை ஓரளவு ஈடுகட்டும் சாமர்த்தியம் கனோலாவுக்கு உண்டு. கோதுமைக்கு அது அவ்வளவாகக் கிடையாது.

நாம் மைசூர் பருப்பு என்று வாங்குவது நேர் எதிர். கனடாவின் மசூர் விளைச்சலில் பெரும்பகுதி சஸ்காட்சவனில்தான், இந்தியாவுக்கும் இலங்கைக்கும்கூட வருகிறது. இந்தச் செடிக்குக் கோடையின் பிற்பகுதியில் கொஞ்சம் வறட்சி வேண்டும். இல்லாவிட்டால் காய் பிடிப்பதை விட்டுவிட்டுத் தழைத்துக்கொண்டே போகும், வேரழுகலும் வரும். கோதுமைக்காரர் வேண்டிக்கொண்ட ஆகஸ்ட் மழை பருப்புக்காரருக்கு நட்டம். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

வயலுக்குள்ளேயும் மழை சமமாகச் சேர்வதில்லை. பனியாறுகள் உருகிப்போன தடத்தில் உண்டான நிலம், குட்டை மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. மழை மிகுந்த 2010-இல் பள்ளங்கள் குளமாகி, பல லட்சம் ஏக்கர் விதைக்கப்படாமலேயே கிடந்தன. வறண்ட ஆண்டில் அதே பள்ளங்கள்தான் கைகொடுக்கும்.

ஆண்டுக்கு ஆண்டு ஏற்றத்தாழ்வும் புதிதல்ல. 1857 முதல் 1860 வரை இந்தச் சமவெளியை ஆராய்ந்த ஜான் பாலிசர், அதன் தெற்கே முக்கோண வடிவில் கிடக்கும் வறண்ட பகுதி விவசாயத்துக்கு ஆகாது என்றார். மழை நன்றாக இருந்த 1870-களில் வந்த தாவரவியலாளர் ஜான் மக்கூன், அருமையான விளைநிலம் என்று புகழ்ந்தார். என்னைக் கேட்டால் இருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். குடியேறியவர்கள் மக்கூனை நம்பி வந்தார்கள், 1930-களின் புழுதிப்புயலில் பாலிசர் சொன்னதைப் பட்டறிந்தார்கள். 2021-இல் வறட்சியும் கடும் வெப்பமும் சேர்ந்து வந்தபோது கனடாவின் கோதுமை விளைச்சல் சுமார் 3.5 கோடி டன்னிலிருந்து சுமார் 2.2 கோடி டன்னாகச் சரிந்தது.

1930-களில் ஓராண்டு தரிசு போட்டு ஈரம் சேமிக்கப் பார்த்தார்கள். வெறும் மண்ணில் விழுந்த நீரில் கால்வாசிகூடத் தங்கவில்லை, மண்ணும் காற்றில் பறந்தது. இப்போது பெரும்பாலோர் உழுவதில்லை. அறுத்த தாளை நிற்கவிட்டு, அதன் இடையிலேயே விதைக்கிறார்கள். நிற்கும் தாள் பனியைப் பிடித்து வைக்கிறது, காற்றைத் தடுக்கிறது, ஆவியாதலைக் குறைக்கிறது. 2021-இல் விளைந்த கொஞ்சநஞ்சத்துக்கும் இதற்குப் பங்குண்டு.

உரத்துக்கு அப்படி ஒரு வழி இன்னும் அமையவில்லை. தழைச்சத்தின் பெரும்பகுதியை விதைக்கும்போதே மண்ணில் போட்டாக வேண்டும், மழை எப்படி இருக்கும் என்று தெரிவதற்கு முன்பே. மழை குறைந்தால் மணி சிறுத்து, அதில் புரதம் மட்டும் கூடியிருக்கும். பயிர் எடுக்காத உரத்தில் ஒரு பங்கு அடுத்த ஆண்டுக்கு மண்ணில் நிற்கும். அதனால் வறண்ட ஆண்டின் அறுவடை முடிந்ததும் மண் பரிசோதனை அவசியமாகிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் அதுவும் ஒரு சராசரிதான், எந்த இடத்துக்கும் பொருந்தாது.