ஐந்தாம் மாதத்து ‘லோ பிரஷர்’

பென்னாகரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஐந்து மாதக் கர்ப்பிணி, தர்மபுரியில் ஓ.பி. வரிசையில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் போன என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பிரஷர் 96/60. “உடம்புல ரத்தமே இல்லைங்க சார்” என்றார் மாமியார். அட்டையில் ஹீமோகுளோபின் 11.4. ரத்தம் இருக்கிறது, குழாய்கள்தான் விரிந்திருக்கின்றன.

கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே புரொஜெஸ்டிரோன், ரிலாக்சின் என்ற ஹார்மோன்களும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவும் சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தத் தொடங்கிவிடும். வாய்க்காலை அகலப்படுத்திவிட்டு அதே தண்ணீரை விட்டால் மட்டம் இறங்கத்தானே செய்யும்? ஈடுகட்ட ரத்தத்தின் அளவு பிரசவத்துக்குள் 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, இதயமும் வேகமாக அடிக்கிறது. அப்படியும் ஐந்து, ஆறாம் மாதத்தில் பிரஷர் சற்று இறங்கியே இருக்கும். ஒன்பதாம் மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும்.

நான் மயக்க மருத்துவர். இந்த விஷயத்தைத் தியேட்டரில் அப்பட்டமாகப் பார்ப்பவன். நிறைமாதத்தில் பிரஷரைத் தாங்கிப்பிடிப்பது பெரும்பாலும் குழாய்களை இறுக்கும் நரம்புகள்தான். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் அவை மரத்துப்போகும், சில நிமிடத்தில் பிரஷர் சரியும். அதனால்தான் பிரஷரை ஏற்றும் மருந்தை முன்பே சிரிஞ்சில் ஏற்றி வைத்திருப்போம், வலது இடுப்புக்கடியில் துணிச்சுருள் வைப்போம். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்துவிடும். ஸ்கேன் மேஜையில் சிலருக்குத் தலைசுற்றுவதும் இதனால்தான். இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் சரியாகிவிடும்.

சரி, ஐந்து, ஆறாம் மாதத்தில் இப்படிச் சற்று இறங்கினால் பயமில்லை. இறங்க வேண்டிய நேரத்தில் ஏறினால்? இதற்குத்தான் மூன்று மாதத்துக்குள் முதல் பிரஷரைப் பார்த்துவிடச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் முதல் அளவு 108/70. அதையும் 96/60-ஐயும் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தேன்.

ஏழாம் மாதம் 132/86. 140/90 என்ற எல்லையைத் தொடவில்லை, வேறு யாராக இருந்தாலும் “நார்மல்” என்று அனுப்பியிருப்பார்கள். கிராம செவிலியர் வட்டத்தைப் பார்த்தார், மூன்றாம் நாளே திரும்ப வரச் சொன்னார். அன்றைக்கு 146/94, சிறுநீரில் புரதம். ப்ரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் வரும் ஆபத்தான ரத்த அழுத்த நோய். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லி, குழந்தை பிறந்த பிறகும் ஆறு வாரம் இது பொருந்தும் என்று மாமியாரிடமும் சொல்லி அனுப்பினோம்.