காலித் தோட்டாவில் மருந்து நிரப்பும் தொழிலா? தம்பி, கொஞ்சம் உட்காருங்கள்

குறுவை அறுவடை முடிந்த சமயம். மன்னார்குடியில் என் அலுவலகத்துக்கு ஒரு தம்பி வந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர், அறுவடை மெஷினுக்கு ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பவர், வேலை சுத்தம் என்று ஊரில் பெயர். பையிலிருந்து ஒரு சின்னக் குழலை எடுத்து மேசையில் நிறுத்தினார். சிவப்பு பிளாஸ்டிக், அடியில் பித்தளைத் தொப்பி, தொப்பியின் நடுவில் அடி பட்டதும் மருந்தைப் பற்றவைக்கிற ஒரு கேப், அந்தக் கேப்பில் மிளகு அளவுக்கு ஒரு குழி. பன்னிரண்டு 'போர்' என்கிற குழல் அளவுள்ள துப்பாக்கியில் சுட்டு முடித்த தோட்டா. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கருகிய வெடிமருந்து வாசம் இன்னும் இருந்தது.

"சார், இதுல புதுக் கேப் வச்சு, மருந்தும் ஈய ரவையும் போட்டு, வாயை மடிச்சுக் கொடுத்தா மறுபடி சுடலாம். புதுத் தோட்டா விலையில பாதிக்குக் கொடுக்க முடியும். பட்டறை ஓய்வா இருக்குற மாசத்துல சைடு தொழிலா செய்யலாம்னு இருக்கேன். ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, உத்யம் பதிவு இருக்கு. வேற ஏதாவது லைசென்ஸ் வேணுமா?"

அவர் கேட்டதில் கள்ளத்தனம் ஒரு துளியும் இல்லை. கட்டுமானக் கம்பி வளைப்பதற்கு மெஷின் போடலாமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான். இருபது வருஷத்துக்கு மேலாக கிரிமினல் வழக்கு பார்க்கிறேன். ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ரவுடிகள் இல்லை, பட்டறைக்காரர்கள், வெல்டர்கள், வயலுக்குக் காவல் போனவர்கள்.

இந்த யோசனை எங்கிருந்து முளைக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. டெல்டாவில் பழைய மிராசு வீடுகளில் இன்றைக்கும் உரிமம் உள்ள ரெட்டைக்குழல் துப்பாக்கிகள் இருக்கின்றன. தோட்டா வாங்க வேண்டுமானால் உரிமம் பெற்ற வியாபாரியைத் தேடி வெளியூர் போய், உரிமப் புத்தகத்தில் பதிவு போட்டுத்தான் வாங்க முடியும், அதற்கும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. வயலில் பன்றி, மயில் தொல்லை வேறு. போதாததற்கு யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் தங்கள் கார் ஷெட்டிலேயே ஒரு கைப்பிரஸ்ஸை வைத்துக்கொண்டு தோட்டா நிரப்புவதைக் காட்டுகிறார்கள். பார்த்தால் நம் லேத் வேலையைவிட சுலபமாகத் தெரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இரண்டாவது பிரிவு 'அம்யூனிஷன்' என்கிற தோட்டா வகைக்கு ஒரு விளக்கம் தருகிறது. அதில் முழுத் தோட்டா மட்டும் இல்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்வதற்கான இயந்திரமும் அந்த விளக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இந்த ஒரு வரியைப் பட்டறைக்காரர்கள் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு கிராம் மருந்துகூடக் கையில் இல்லை, தோட்டா நிரப்பும் பிரஸ்ஸும் டையும் மட்டும்தான் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் அது வெறும் இரும்பு ஆகாது. வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் தருவிக்கலாமே என்றால், அதே சட்டத்தின் பத்தாவது பிரிவு இறக்குமதிக்குத் தனி உரிமம் கேட்கிறது.

அடுத்தது ஐந்தாவது பிரிவு. உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ செய்யக் கூடாது, விற்கக் கூடாது, கை மாற்றக் கூடாது. செலவழிந்த குழலில் கேப்பும் மருந்தும் ரவையும் வைத்து மறுபடி சுடுகிற தோட்டாவாக ஆக்கிக் காசு வாங்கினால், அது 'சர்வீஸ்' இல்லை, தயாரிப்பு. "குழல் கஸ்டமருடையது, நான் கூலிக்குத்தான் செய்தேன்" என்பதை நான் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கலாம்தான், ஆனால் அதை நம்பி நீங்கள் பட்டறை போடாதீர்கள்.

தண்டனையைக் கேட்டபோதுதான் அந்தத் தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2019 டிசம்பரில் திருத்தம் வந்தது. அதற்கு முன்னால், உரிமமின்றித் தயாரித்தால் 25ஆம் பிரிவில் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு. இப்போது ஆரம்பமே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். உரிமமில்லாமல் வெறுமனே வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். முதல் தடவை, நல்ல பையன், குடும்பம் இருக்கிறது என்று சொல்லி நன்னடத்தையில் விடுவிக்கக் கேட்கும் வழி ஒன்று உண்டே, அது ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்குக் கிடையாது. மாவட்ட நீதிமன்ற வாசலில் அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது இருக்கிறதே, அது எந்த வக்கீலுக்கும் பிடிக்காத வேலை.

இதோடு முடியவில்லை. மருந்து வாங்கி இருப்பு வைப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள்ளும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்குள்ளும் வருகிறது. சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலையில் வெடிபொருள் வைத்திருந்தால் 1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம் தனியாக வரும். முதல் தகவல் அறிக்கையில் மூன்று சட்டமும் வரிசையாக ஏறிவிட்டால் ஜாமீனுக்கு எத்தனை மாதம் அலைய வேண்டும் என்பதை நான் எழுதாமலேயே ஊகிக்கலாம்.

முறைப்படி உரிமம் வாங்கிச் செய்யலாமே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டா தயாரிப்புக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் உண்டு. ஆனால் அது ஊராட்சியில் வாங்கும் தொழில் உரிமம் மாதிரியோ, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் துப்பாக்கி உரிம மனு மாதிரியோ இல்லை, மத்திய அரசு மட்டத்துக்குப் போகும் விஷயம். இடம், பாதுகாப்பு, கிடங்கு, பரிசோதனை, கணக்கு எல்லாம் கேட்பார்கள். பெரிய முதலீட்டுக்காரர்களின் வேலை அது. ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கு, உத்யம் பதிவு சிறுதொழில் சலுகைக்கு. இரண்டும் இந்த உரிமத்துக்கு ஈடாகாது.

வீடியோவில் பார்க்கும் அமெரிக்காவிலேகூட அவர்கள் காட்டுவது சொந்த உபயோகத்துக்கு நிரப்புவதை. பிறருக்கு விற்கும் தொழிலாகச் செய்தால் அங்கேயும் ஏடிஎஃப் என்கிற மத்திய அமைப்பிடம் தோட்டா தயாரிப்பாளருக்கான டைப் 06 உரிமம் எடுக்க வேண்டும். கட்டணம் என்னவோ 3 ஆண்டுக்கு 30 டாலர்தான், ஆனால் உரிமம் உரிமம்தான், விற்கிற தோட்டாவுக்கு 11 சதவீத எக்சைஸ் வரியும் உண்டு. வீடியோவில் இந்தப் பகுதி வருவதில்லை.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உயிரைப் பற்றிப் பேசுகிறேன். நம் பக்கம் திருவிழா வாணவேடிக்கை பழகிய ஊர்கள், கரிமருந்து பற்றி ஆளாளுக்கு ஒரு பாடம் தெரியும். அந்தத் தைரியம்தான் இதில் ஆபத்து. கடைத் தோட்டாவில் இருப்பது பழைய கரிமருந்து இல்லை, புகையில்லா மருந்து, அதன் அழுத்தமே வேறு. கரிமருந்துக்குப் பழகிய கை அதே அளவில் இதைப் போட்டால் துப்பாக்கிக் குழலே வெடித்துவிடலாம். தாத்தா காலத்துத் துப்பாக்கிகளில் சில கரிமருந்துக்கென்றே செய்யப்பட்டவை, குழலின் சுவர் அதற்கு மேல் தாங்காது. மருந்து குறைந்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள்: உந்துதல் பற்றாமல் உள்ளே இருப்பது குழல் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும், சுட்டவர் 'புஸ்' என்று போய்விட்டது என நினைத்து அடுத்ததைச் சுடுவார், குழல் பிளக்கும். துப்பாக்கியைத் தோளோடு அணைத்துப் பிடித்துக் கன்னத்தை அதன் மேல் சாய்த்துத்தான் சுடுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மிளகுக் குழி விழுந்த கேப் இருக்கிறதே, அதற்குள் இருப்பது அடி பட்டாலே வெடிக்கிற சரக்கு. தீப்பொறி பறக்கிற பட்டறை அதற்கான இடமே இல்லை. அப்படி நிரப்பிக் கொடுத்த தோட்டாவால் ஒருவர் செத்துப்போனால், நிரப்பிக் கொடுத்தவர் மேல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கும் வரலாம், அது 5 ஆண்டு வரை.

பன்றி, மயில் விஷயத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது மிருகத்தைச் சுடுவதற்கான உரிமம் ஆகாது. 1972ஆம் ஆண்டு வன உயிர்ச் சட்டம் தனி. மயில் அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. வடுவூர், கோடியக்கரை மாதிரி பறவைகள் வந்து தங்கும் இடங்களை ஒட்டிப் பட்டறை வைத்திருப்பவர் நிரப்பிக் கொடுத்த தோட்டா ஒரு வேட்டை வழக்கில் சிக்கினால், விசாரணை சுட்டவரோடு நிற்காது.

பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது அவர் தயங்கினார். "சார், இன்னொண்ணு. எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர், துப்பாக்கியில கேப்பை அடிக்கிற பின் தேஞ்சுபோச்சு, ஒண்ணு கடைஞ்சு குடுப்பான்னார். போன மாசம் செஞ்சு குடுத்தேன். காசுகூட வாங்கலை."

இதற்குத்தான் நான் பயந்தேன். ஐந்தாவது பிரிவில் தயாரிப்பு, விற்பனையோடு 'பழுதுபார்த்தல்' என்ற சொல்லும் இருக்கிறது. உரிமம் இல்லாத பட்டறையில் துப்பாக்கியைக் கொடுப்பவருக்கும் தலைவலி, வாங்குபவருக்கும் தலைவலி. பெரியவர் கேட்டால் மறுக்க முடியாது என்பது நம் பக்கத்து மரியாதை. மரியாதையோடேயே, "ஐயா, உரிமம் உள்ள கடைக்குக் கொண்டுபோங்க, நான் துணைக்கு வர்றேன்" என்று சொல்லலாம்.

அந்தப் பெரியவரையும் அழைத்துவரச் சொன்னேன். மறுநாள் இருவரும் வந்தார்கள். உரிமப் புத்தகத்தைப் புரட்டினால் அது பெரியவரின் அண்ணன் பெயரில் இருந்தது. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியும் துப்பாக்கி பத்தாயத்துக்குப் பின்னால் சாக்கில் சுற்றியபடி கிடக்கிறது, அதோடு பதினோரு தோட்டா. "அண்ணன் ஞாபகமா வச்சிருந்தேன் தம்பி" என்றார். இப்படி உரிமதாரர் இறந்துவிட்டாலோ உரிமம் காலாவதியானாலோ தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும், 21ஆம் பிரிவு அது. ஒப்படைத்துவிட்டு, வாரிசு உரிமம் வேண்டும் என்றால் முறைப்படி மனு கொடுக்கலாம், வேண்டாம் என்றால் விற்கவும் வழி இருக்கிறது.

மனு நானே எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கி, பதினோரு தோட்டா, தம்பி என் மேசையில் வைத்த அந்தக் காலிக் குழல், எல்லாவற்றையும் எண் போட்டுக் குறித்து, நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். பெரியவர் ரசீதை நாலாக மடித்து அண்ணன் படத்துக்குப் பின்னால் செருகப் போவதாகச் சொன்னார். படத்துக்குப் பின்னால் வேண்டாம், பத்திரம் வைக்கும் பெட்டியில் வையுங்கள் என்றேன்.