வேலிக்கல்லின் வயது

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்கு வேலி போடுகிறவர்கள் கல் கம்பத்தை நட்டுக் கம்பியை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கரையான் அரிக்காது, மழையில் இற்றுப்போகாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கல்லுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பூமி பிறந்து 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டைனோசர் கதையெல்லாம் கடைசி 54 கோடிக்குள் அடங்கிவிடும். அதற்கு முந்தைய நெடுங்காலத்தை ஹேடியன், ஆர்க்கியன், புரோட்டரோசோயிக் என்று மூன்று பேரூழிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிந்தைய காலங்களைப் புதைபடிவம் பார்த்துப் பிரிக்கலாம்: இன்ன சிப்பி இருந்தால் இன்ன காலம். நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்த காலத்தில் அது செல்லாது. அதனால் ஆர்க்கியன் முடிந்து புரோட்டரோசோயிக் தொடங்கும் எல்லையை 250 கோடி ஆண்டு என்று முழு எண்ணாகவே வைத்துவிட்டார்கள். கொஞ்சம் அடாவடிதான், வேறு வழியும் இல்லை.

பாறையில் அந்த எண்ணை எப்படிப் படிக்கிறார்கள்? சிர்க்கான் என்று ஒரு கனிமம். பெரும்பாலும் மணல் பருமன்கூட இருக்காது. படிகமாக உறையும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே பின்னாளில் அதற்குள் அகப்படும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியத்தில் இரண்டு வகை உண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம்-235க்கு 70 கோடி போதும். 250 கோடி ஆண்டு கழிந்த சிர்க்கானில் முன்னது மூன்றில் ஒரு பங்குதான் தீர்ந்திருக்கும். பின்னதோ பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். ஒரே சிர்க்கான் துகளுக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள்! இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால், இடையில் சூடுபட்டோ சிதைந்தோ ஈயம் கசிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இந்த வட்டாரப் பாறைகள் காட்டுவது 250 கோடியை ஒட்டிய வயது, ஆர்க்கியனின் அந்திப்பொழுது. இன்று நாம் நிற்கும் தரை அன்று 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்துகொண்டிருந்தது. உருகியும் உருகாமலும் நெளிந்த தடம்தான் வேலிக்கல்லில் ஓடும் வெள்ளை, கறுப்பு வரிகள். மேலே கிடந்ததெல்லாம் அரித்துப் போனபின் அடித்தளம் வெளியே வந்தது. அதுவும் சமமாக வரவில்லை. வடக்கிலிருந்து தெற்கே போகப் போக இன்னும் ஆழத்தில் வெந்த பாறை தென்படுகிறது. தருமபுரிப் பக்கம் எண்ணெய் தடவியது போல் பசுங்கறுப்பாக மினுங்கும் சார்னோகைட் அப்படிப்பட்டது. கிருஷ்ணகிரியில் தருமபுரி பஸ் ஏறுகிறவர், டிக்கெட் எடுத்துக்கொண்டு பூமிக்குள் இறங்குகிறார்.

அங்கிருந்து ஒகேனக்கல் போனால் பேரூழியே மாறிவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சார்னோகைட்டைப் பிளந்துகொண்டு ஏறிய கார்பனடைட் பாறைக்குச் சுமார் 240 கோடி வயது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த பாறைக்குழம்பு உறைந்து உண்டான அபூர்வமான கல் அது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால், இத்தனை காலம் கல்லுக்குள் அடைந்து கிடந்த கரியமில வாயு சோடா போலப் பொங்கும்.